குளிரறையில் பளபளவென்று இருந்த வெள்ளரி, வெளியே வந்ததும் குழி விழுவது ஏன்?

கொடிப்பந்தல்:

எல்லோருக்கும் வணக்கம். போன வருடம் தோட்டத்திலேயே சிறிய குளிரறை ஒன்று கட்டினோம். முட்டைக்கோஸ், காலிஃபிளவர், கேரட் எல்லாம் 4 டிகிரியில் வைத்து எடுத்ததில் ஒரு குறையும் இல்லை. அந்தத் தைரியத்தில் இந்த முறை வெள்ளரிக்காய், கத்தரிக்காய், பழுக்காத தக்காளி மூன்றையும் அதே அறையில் எட்டு நாள் வைத்தேன்.

எடுக்கும்போது காய்கள் பறித்த அன்று போலவே இருந்தன. நானே பெட்டி பெட்டியாகப் பார்த்துத்தான் வண்டியில் ஏற்றினேன். இரண்டாம் நாளே வாங்கியவரிடமிருந்து படங்கள் வந்துவிட்டன. வெள்ளரித் தோலில் குழி குழியாக, சுற்றிலும் நீர் கோத்த திட்டுகள். கத்தரியின் தோலில் பழுப்புத் தழும்பு, வெட்டினால் விதையெல்லாம் கறுத்திருக்கிறது. தக்காளி பாதி சிவந்து பாதி பச்சையாகவே நின்றுவிட்டது, காம்புப் பக்கம் கறுப்புப் பூசணம்.

அறையைப் பார்க்க வந்தவர், “மெஷினில் கோளாறு இல்லை. காய் அழுகுகிறது என்றால் குளிர் போதவில்லை, இன்னும் இரண்டு டிகிரி குறைத்து வையுங்கள்” என்கிறார். குறைக்கலாமா? நாளை மறுநாள் அடுத்த பறிப்பு.

அறுவடைக்கப்புறம்:

குறைக்காதீர்கள். இன்னும் இரண்டு டிகிரி குறைத்தால் அடுத்த லோடு இதைவிட வேகமாகக் கெடும்.

நீங்கள் படத்தில் பார்த்தது குளிர்ச் சேதம். உறைதல் வேறு, இது வேறு. உறைந்தால் காய்க்குள் பனிப்படிகம் உண்டாகிச் செல் கிழியும், கரைந்ததும் கொழகொழவென்று ஆகிவிடும், பார்த்தவுடன் தெரியும். தக்காளியோ வெள்ளரியோ உறைய வேண்டுமானால் சுமார் மைனஸ் 0.5 டிகிரிக்குப் போக வேண்டும். உங்கள் அறை அந்தப் பக்கமே போகவில்லை. குளிர்ச் சேதமோ உறைநிலைக்கு வெகு மேலேயே, சில காய்களுக்கு 12 டிகிரிக்குக் கீழே இறங்கும்போதே ஆரம்பித்துவிடுகிறது. பனி உண்டாகாமலேயே வெறும் குளிர் தாவரத்தைக் கொல்லும் என்று ஹான்ஸ் மோலிஷ் என்ற தாவரவியலாளர் 1897-லேயே பிரித்துச் சொல்லிவிட்டார்.

இதில் டிகிரியை மட்டும் பார்த்தால் போதாது. எத்தனை டிகிரி, எத்தனை நாள் என்று இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வெள்ளரி 10 டிகிரிக்குக் கீழே இரண்டு மூன்று நாள்தான் தாங்கும். கத்தரிக்கு 5 டிகிரியில் ஆறிலிருந்து எட்டு நாளில் சேதம் வந்துவிடும். பழுக்காத தக்காளிக்கும் 5 டிகிரியில் ஏறக்குறைய அதே கெடுதான். நீங்கள் வைத்தது 4 டிகிரி, எட்டு நாள். மூன்றுமே கெடுவைத் தாண்டிவிட்டன.

எடுத்த பிறகு தெரிவதற்கும் காரணம் உண்டு. குளிரில் காய்க்குள் எல்லா வேலையும் மெதுவாக நடக்கும், கெடும் வேலையும் சேர்த்துத்தான். காயம் உள்ளே விழுந்துவிடுகிறது, ஆனால் வெளியே காட்டுவதற்குத் தேவையான சூடு அங்கே இல்லை. வெளியே வந்ததும் சுவாசம் எகிறும், காயைப் பழுக்கவைக்கும் எத்திலீன் வாயு சுரக்கும், பலவீனப்பட்ட தோல் வழியாகப் பூசணம் நுழையும். அதனால்தான் கிடங்கில் இருந்தவருக்கு நல்ல காய், வாங்கியவருக்குக் கெட்ட காய். பழி பாவம் வண்டி ஓட்டியவர் மேல் விழும். எத்தனையோ சண்டைகளை இப்படிப் பார்த்திருக்கிறேன். யாரும் பொய் சொல்லியிருக்க மாட்டார்கள், ஆனால் இரண்டு பக்கமும் ஒருவரை ஒருவர் பொய்யர் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

மண்புழு:

ஒரு சந்தேகம் ஐயா. அதே அறை, அதே 4 டிகிரி. முட்டைக்கோஸுக்கும் கேரட்டுக்கும் மட்டும் ஏன் ஒன்றும் ஆகவில்லை?

அறுவடைக்கப்புறம்:

அவை பிறந்த இடம் வேறு, தம்பி. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், கேரட், பீட்ரூட், முள்ளங்கி, பட்டாணி எல்லாம் குளிர்ப் பிரதேசத்தில் உருவான பயிர்கள். அவற்றுக்கு 0 டிகிரிதான் சொர்க்கம். வெள்ளரி, கத்தரி, தக்காளி, வெண்டை, மிளகாய், பூசணி, சர்க்கரைவள்ளி, இஞ்சி எல்லாம் வெப்பப் பிரதேசத்துப் பிள்ளைகள்.

வித்தியாசம் பெரும்பாலும் செல்லைச் சுற்றியுள்ள சவ்வில் இருக்கிறது. அந்தச் சவ்வு கொழுப்பால் ஆனது. தேங்காய் எண்ணெய் குளிரில் கட்டியாகிறது, அதே குளிரில் நல்லெண்ணெய் இளகியே இருக்கிறது இல்லையா? கொழுப்பின் வகையைப் பொறுத்து அது மாறும். வெப்பப் பயிரின் சவ்வு குளிரில் விறைத்துப்போகிறது. விறைத்த சவ்வில் கசிவு உண்டாகிறது, உள்ளே இருக்கும் உப்புகள் வெளியேறுகின்றன. செல்லுக்குள் தனித்தனியாக இருக்க வேண்டிய ஃபீனால் என்ற பொருள்களும் அவற்றைக் கறுக்கவைக்கும் நொதியும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. கத்தரி விதை கறுத்தது அப்படித்தான். வெள்ளரியில் தோலுக்கு அடியில் உள்ள செல்கள் சரிந்து, அங்கிருந்து நீர் ஆவியாகிப் போவதால் குழி விழுகிறது.

இதில் நல்ல செய்தியும் ஒன்று இருக்கிறது. விறைத்த சவ்வு உடனே செத்துவிடுவதில்லை. கெடு முடிவதற்குள் சூட்டுக்குக் கொண்டுவந்தால் காய் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும். கெடு தாண்டிய பிறகு எத்தனை சூடு காட்டினாலும் பயன் இல்லை, சேதம்தான் வெளியே வரும்.

கொடிப்பந்தல்:

படிக்கப் படிக்க மனது கனக்கிறது. ஆறாம் நாளே எடுத்திருந்தால்கூடப் பாதி தப்பித்திருக்கும் போல. சரி, எந்தக் காயை எத்தனை டிகிரியில் வைக்க வேண்டும்? எழுதி அறைக் கதவில் ஒட்டிவிடுகிறேன்.

அறுவடைக்கப்புறம்:

வெள்ளரிக்கு 10 முதல் 12.5 வரை. கத்தரிக்கு 10 முதல் 12. இரண்டுக்குமே ஈரப்பதம் 90–95 சதவீதம் வேண்டும், அப்படி வைத்தாலும் இரண்டு வாரத்துக்குமேல் ஆசைப்படக் கூடாது. பழுக்காத தக்காளி 12.5 முதல் 15. நன்றாகப் பழுத்த தக்காளி 7 முதல் 10 வரை சில நாள் தாங்கும், ஏனென்றால் பழுக்கப் பழுக்கக் குளிரைத் தாங்கும் சக்தி கூடுகிறது. குடைமிளகாய்க்கு 7.5. அதிலும் பச்சையைவிடச் சிவப்பு தாக்குப்பிடிக்கும். வெண்டை 7 முதல் 10, பீன்ஸ் 5 முதல் 7.5. பாகல் 10 முதல் 12. இஞ்சி 13 சுற்றி.

பூசணியை மறந்துவிடாதீர்கள். அதற்கு 12.5 முதல் 15 டிகிரி, ஆனால் ஈரப்பதம் 50–70 சதவீதம்தான். வெள்ளரிக்குத் தருகிற ஈரத்தை அதற்குக் கொடுத்தால் காம்பிலிருந்து அழுகும்.

காயில்_ஃபேன்:

குளிர்பதன வேலையில் இருப்பவன் என்பதால் இந்தப் பக்கத்தை நான் சொல்கிறேன். அட்டவணையை ஒட்டுங்கள், நல்லது. ஆனால் உங்கள் அறையில் 4 என்று காட்டும்போது உள்ளே உண்மையில் எத்தனை என்று பார்த்தீர்களா?

பேனலில் தெரிவது சென்சார் தொங்கும் இடத்தின் காற்று. அதுவும் பெரும்பாலும் திரும்பி வரும் காற்று, அறையிலேயே சூடான காற்று அதுதான். காயில் (coil) என்பது அறையைக் குளிரவைக்கும் குழாய்ச் சுருள். அதிலிருந்து ஃபேன் தள்ளும் காற்று அதைவிடச் சில டிகிரி குறைவாக இருக்கும். அந்தக் காற்று நேராக முகத்தில் அடிக்கும்படி ஒரு பெட்டி இருந்தால், அதற்கு நீங்கள் செட் செய்த டிகிரி ஒருநாளும் கிடைக்காது. இன்னொன்று, தெர்மோஸ்டாட் ஒரே புள்ளியில் நிற்காது. 4-ல் வைத்தால் 3-க்கு இறங்கி நிற்கும், 5-க்கு ஏறி மறுபடி ஓடும், அப்படித்தான் அமைத்திருப்பார்கள். இரண்டும் சேர்ந்தால் ஃபேனுக்கு எதிரே இருக்கும் காய் படுகிற பாடு வேறு, கதவோரக் காய் படுகிற பாடு வேறு.

அதனால் ஊசி வைத்த தெர்மோமீட்டர் ஒன்று வாங்குங்கள். காயின் சதைக்குள் நடுவரை குத்திப் பாருங்கள். ஃபேன் எதிரே ஒன்று, நடுவில் ஒன்று, கதவோரம் ஒன்று, மேலடுக்கில் ஒன்று, அடியில் ஒன்று. காற்றை நம்பாதீர்கள், சதையை நம்புங்கள். அந்த ஊசியையும் முதலில் சோதியுங்கள். நொறுக்கிய ஐஸை டம்ளர் நிறையப் போட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கி ஊசியை வைத்தால் 0 காட்ட வேண்டும். இரண்டு டிகிரி தப்பாகக் காட்டும் கருவியால் அறை அறையாகக் காய் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

ஈரப்பதத்துக்கும் இதே காயில்தான் காரணம். காயிலின் வெப்பநிலைக்கும் அறைக் காற்றுக்கும் 5 டிகிரி அளவுக்கே வித்தியாசம் இருந்தால் ஈரப்பதம் 90 சதவீதத்தை ஒட்டி நிற்கும். சின்னக் காயிலைப் போட்டு அதைக் கடுங்குளிராக ஓட்டினால் அறையின் ஈரம் முழுவதும் காயிலில் பனியாகப் படிந்துவிடும், காய் வாடும். விலை குறைவு என்று சிறிய காயில் போடுகிறவர்கள் பிறகு ஒவ்வொரு லோடிலும் எடையாக இழக்கிறார்கள். வெள்ளரியில் நீர் இழப்பு கூடக் கூடக் குழியும் கூடும் என்பதால் இது உங்களுக்கு முக்கியம்.

அடுக்கும்போது சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, பெட்டிகளுக்கு நடுவே காற்று போக வழி விட்டு அடுக்குங்கள்.

செங்காய்:

தக்காளியைப் பற்றி ஒரு வார்த்தை. கெட்டுப்போவது மட்டும் சேதம் இல்லை, ருசி போவதும் சேதம்தான். ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வு ஒன்று 2016-ல் வந்தது. தக்காளியை 5 டிகிரியில் ஏழு நாள் வைத்து, பிறகு ஒரு நாள் சாதாரணச் சூட்டில் வைத்துப் பார்த்தார்கள். மணம் தரும் பொருள்கள் ஏறக்குறைய 65 சதவீதம் குறைந்திருந்தன. சர்க்கரையும் புளிப்பும் அப்படியே இருந்தன, மணத்தை உண்டாக்கும் மரபணுக்கள்தான் அடங்கிவிட்டன. வெளியே எடுத்த பிறகும் அவை முழுதாக எழுந்திருக்கவில்லை. அதனால் தக்காளியைக் குளிரறைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள் என்பது என் கருத்து.

மண்புழு:

அக்கா, இதற்கு எதிராகவும் ஒன்று படித்தேன். ஜெர்மனியில் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் 2020-ல் ஒரு ஆய்வு. நன்றாகப் பழுத்த தக்காளியை நான்கு நாள் 7 டிகிரியிலும் 20 டிகிரியிலும் வைத்து, பயிற்சி பெற்றவர்களுக்குச் சுவைக்கக் கொடுத்தபோது பெரிய வித்தியாசம் தெரியவில்லையாம்.

செங்காய்:

அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முரண் இல்லை. ஒன்றில் 5 டிகிரி, ஏழு நாள். இன்னொன்றில் 7 டிகிரி, நான்கே நாள், அதுவும் பழுத்த பழம். மேலே ஐயா சொன்ன அதே கணக்குத்தான், டிகிரியும் நாளும் பழுத்த அளவும். ‘பக்கமே கொண்டுபோகாதீர்கள்’ என்று நான் எழுதியது கொஞ்சம் அதிகம்தான். பழுக்காத தக்காளிக்கு அப்படியே நிற்கட்டும். பழுத்ததற்குச் சில நாள் பரவாயில்லை.

கிழங்குக்காரன்:

கிழங்குக்கும் இரண்டு வரி. சர்க்கரைவள்ளியை 12 டிகிரிக்குக் கீழே நாள் கணக்கில் வைத்தால் உள்ளே கட்டை விழும், எவ்வளவு வேகவைத்தாலும் மென்மையாகாது. தோண்டியதும் 29–30 டிகிரி சூட்டில், 90 சதவீத ஈரத்தில் ஐந்தாறு நாள் வைத்துக் காயம் ஆற்றிவிட்டு, பிறகு 14 டிகிரிக்கு மாற்றினால் மாதக்கணக்கில் நிற்கும். அந்த ஐந்தாறு நாள்தான் அதன் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

உருளைக்கிழங்கின் கதை வேறு. 7 டிகிரிக்குக் கீழே போனால் மாவுச்சத்து சர்க்கரையாக மாற ஆரம்பிக்கும். பார்க்க ஒன்றும் தெரியாது. எண்ணெயில் பொரித்தால் கறுக்கும், அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருளும் கூடுதலாக உண்டாகும். 2002-ல் ஸ்வீடனில் இதைக் கண்டு சொன்ன பிறகுதான் சிப்ஸுக்குப் போகும் கிழங்கை எந்தக் குளிரில் வைக்கிறோம் என்பதில் இத்தனை கவனம் வந்தது. சர்க்கரை ஏறிய கிழங்கை 15–20 டிகிரியில் இரண்டு மூன்று வாரம் வைத்தால் ஓரளவு இறங்கும், முழுதாக இறங்காது.

கொடிப்பந்தல்:

எல்லோருக்கும் நன்றி. என்னுடைய உண்மையான சிக்கல் இதுதான்: இருப்பது ஒரே அறை. முட்டைக்கோஸுக்கு 0 கேட்கிறது, வெள்ளரிக்கு 11 கேட்கிறது. நடுவில் 6-ல் வைத்தால் இரண்டும் பிழைக்காதா?

அறுவடைக்கப்புறம்:

6-ல் முட்டைக்கோஸின் ஆயுள் குறையும், வெள்ளரியும் மூன்றாம் நான்காம் நாள் அடிபடும். இரண்டு பேருக்கும் நியாயம் செய்வதாக நினைத்து இரண்டு பேரையும் பட்டினி போடுவது போல ஆகிவிடும். எது அதிக நாள் நிற்க வேண்டுமோ அதற்கு அறையைக் கொடுங்கள். மற்றதைப் பறித்த வேகத்தில் அனுப்புங்கள், நிழலும் ஈரச் சாக்கும் உள்ள இடம் ஒரு நாளுக்குப் போதும். கத்தரியை நல்ல நிழலில் ஒரு நாள் வைப்பது 4 டிகிரியில் எட்டு நாள் வைப்பதைவிட எவ்வளவோ மேல்.

இன்னொன்று, ஒன்றாக வைத்தால் எத்திலீன் தொல்லையும் உண்டு. பழுக்கும் தக்காளி விடும் எத்திலீனில் வெள்ளரி மஞ்சளாகும், கத்தரிக் காம்பு உதிரும், கேரட் கசக்கும்.

காயில்_ஃபேன்:

அறையை இரண்டாகப் பிரிக்க வழி இருக்கிறது. நடுவே இன்சுலேஷன் பேனலால் தடுப்பு போடுங்கள். காயில் இருக்கும் பக்கம் 1–2 டிகிரி. தடுப்பில் சின்ன ஃபேன் ஒன்றைப் பொருத்தி, அதை மறுபக்கத்தில் உள்ள தனித் தெர்மோஸ்டாட்டோடு இணையுங்கள். மறுபக்கம் 12-ஐத் தாண்டினால் ஃபேன் ஓடிக் குளிர்ந்த காற்றை எடுத்துவிடும், 11-க்கு வந்தால் நின்றுவிடும். திரும்பிவர கீழே ஒரு வழி. ஆனால் காற்று பொதுவாகத்தான் சுற்றும், ஐயா சொன்ன எத்திலீனும் சேர்ந்து சுற்றும். எனவே பழுக்கும் தக்காளியை அந்த அறையில் எந்தப் பக்கமும் வைக்காதீர்கள்.

மண்புழு:

வெந்நீரில் முக்கி எடுத்தால் குளிரைத் தாங்கும் என்கிறார்களே, அது உண்மையா?

அறுவடைக்கப்புறம்:

உண்மை. ஆனால் கைப்பக்குவம் வேண்டும். பழுக்காத தக்காளியை 38 டிகிரிக் காற்றில் இரண்டு மூன்று நாள் வைத்து, அல்லது 42 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் வைத்து, பிறகு குளிரில் வைத்தபோது சேதம் குறைந்ததை ஆய்வுகளில் காட்டியிருக்கிறார்கள். சூடு பட்டதும் காய் தன்னைக் காக்கும் புரதங்களை உண்டாக்கிக்கொள்கிறது, அவையே குளிரிலும் உதவுகின்றன. இரண்டு டிகிரி கூடிப்போனால் காயே வெந்துவிடும். தண்ணீர் சுத்தமில்லை என்றால் ஒரு காயின் நோய் தொட்டி முழுவதும் பரவும். முழு லோடையும் முதல் முறையே முக்காதீர்கள். ஒரு பெட்டியில் சோதியுங்கள்.

உங்களைப் போன்றவர்களுக்கு இதைவிட எளிதான வழிகள் இருக்கின்றன. ஒன்று, படிப்படியாக இறக்குவது. சுக்கினி (பூசணி இனக் காய்) போன்றவற்றை 10–15 டிகிரியில் இரண்டு நாள் பழக்கிவிட்டுப் பிறகு கீழே இறக்கினால் சேதம் தள்ளிப்போகிறது. அப்புறம், இடையிடையே சூடு காட்டுவது. வெள்ளரியை 2.5 டிகிரியில் வைத்து, மூன்று நாளுக்கு ஒருமுறை 18 மணி நேரம் 12.5 டிகிரிக்குக் கொண்டுவந்த சோதனைகளில் குழி விழுவது நன்றாகக் குறைந்தது. நான் முன்னே சொன்னேனே, கெடுவுக்குள் சூடு கிடைத்தால் காய் தன்னைச் சரிசெய்துகொள்ளும் என்று, அதுதான் இது. ஆனால் பெட்டி பெட்டியாக இழுத்துப் போட ஆள் வேண்டும், ஒவ்வொரு முறையும் மேலே நீர் வியர்க்கும்.

மூன்றாவது, பிளாஸ்டிக் உறை. வெள்ளரியை மெல்லிய உறையில் சுற்றினாலோ, பெட்டிக்குள் உறை விரித்து மூடினாலோ நீர் இழப்பு குறையும், குழியும் குறையும். குளிர்ச் சேதம் முற்றிலும் போகாது. ஆனால் இருக்கிற வழிகளில் செலவு குறைந்தது, இன்றைக்கே செய்யக்கூடியது.

கொடிப்பந்தல்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். தடுப்பு போட்டாயிற்று. மறுபக்கம் 11-ல் நிற்கிறது. வெள்ளரியைப் பெட்டிக்குள் உறை விரித்து வைத்தேன், ஏழு நாள். இந்த முறை அனுப்பும் முன் ஒவ்வொரு லோடிலும் ஒரு பெட்டியை எடுத்து இரண்டு நாள் வெளியே வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மற்றதை ஏற்றுகிறேன். வெள்ளரியில் ஒரு குழிகூட இல்லை. வாங்குபவரிடம் பழைய லோடைப் பற்றியும் உள்ளது உள்ளபடி சொல்லிவிட்டேன். வண்டிக்காரரிடம் அன்று கத்தியதற்கு மன்னிப்பும் கேட்டேன்.

கத்தரியில்தான் இன்னும் குறை. தடுப்பு ஃபேனுக்கு நேரே இருந்த ஒரு வரிசையில் மட்டும் தழும்பு. ஊசியைக் குத்தினால் அங்கே 7 காட்டுகிறது, மற்ற இடமெல்லாம் 11.

காயில்_ஃபேன்:

அந்த ஃபேன் 1–2 டிகிரிக் காற்றை நேராக அந்த வரிசை மேல் கொட்டுகிறது. ஃபேனின் வாயில் ஒரு பலகையைச் சாய்வாக வைத்துக் காற்றைக் கூரைப் பக்கம் திருப்பிவிடுங்கள், மேலே இருக்கும் சூடான காற்றோடு கலந்து கீழே வரட்டும். அது வரைக்கும் அந்த இடத்தில் பெட்டி வேண்டாம்.

மண்புழு:

கடைசியாக ஒன்று. இப்போது இரவில் தோட்டத்திலேயே குளிர் 8 டிகிரிக்கு இறங்குகிறது என்றால், செடியில் இருக்கும் காய்க்கு அது கணக்கில் சேருமா?

அறுவடைக்கப்புறம்:

சேரும். பறிக்கும் முன் செடியில் பட்ட குளிர், கிடங்கில் பட்டது, வண்டியில் பட்டது எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். பகல் வெயில் கொஞ்சம் சரிசெய்யும். குளிர் இரவுகள் தொடர்ந்து வந்த வாரத்தில் பறித்த தக்காளியையும் கத்தரியையும் வழக்கமான நாளில் பாதிக்குமேல் அறையில் வைக்காதீர்கள். பெட்டி மேல் பறித்த தேதியை எழுதும்போது அந்த வார இரவுக் குளிரையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.

கொடிப்பந்தல்:

இன்றைய பெட்டிகளிலிருந்தே எழுதுகிறேன் ஐயா. பலகையும் வெட்டி வைத்தாயிற்று, நாளை காலை பொருத்திவிட்டு அந்த வரிசையில் ஊசி குத்திப் பார்த்துச் சொல்கிறேன்.